முன்னச்சு

நாற்பத்துநாலு அங்குல டயர் மாட்டிய அன்று
தெருவே வந்து தொட்டுப் பார்த்தது.
அச்சை யாரும் குனிந்து பார்க்கவில்லை.

மார்ச்சில், பனியாற்றின் மேல்,
வலது முன்பக்கம் டக் என்றது.
அவ்வளவுதான் சத்தம்.
பதினோரு மணி நேரம்
கெட்டிலின் பாதங்கள் என் அக்குளில்.

இப்போது அக்குரேரியில், ஹல்பெராவின் பட்டறைத் தரையில்
இரண்டு அச்சுகள்.
ஒன்று இலகு. பனியில் புதையாது, என்கிறான் கெட்டில்.
மற்றது பழைய லாரியினுடையது,
என் இரண்டு மாதச் சம்பளம்,
தூக்க நாலு பேர் வேண்டும்.

"புதைந்தால் தோண்டலாம்,"
கிரீஸ் கையைத் துடைத்தபடி ஹல்பெரா,
"முறிந்தால்?"

கெட்டில் பேசவில்லை.
பூட்ஸுக்குள் எட்டு விரல்களையும்
ஒருமுறை அசைத்துப் பார்த்துக்கொள்கிறான்.

இருப்பது மூன்று பேர்.
லாரி அச்சின் கனத்த முனைப் பக்கம்
நான் குனிகிறேன்.