காற்றுத் திருகு

பத்தே நிமிடம் ஓடியது.
பத்து மாவுங் துறை இன்னும் கண்ணுக்கெட்டும் தூரத்தில்
இருமி, இன்னொரு முறை இருமி,
நின்றது.

படகில் மூன்று பேர்.
நான். முன்னாள் கணவர் ஜெயசீலன்.
நடுப்பலகையில், பாலிக் புலாவிலிருந்து வந்த
பள்ளி ஆசிரியர் சிக்கு ரொஸ்லான்,
காலணியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு.
வாங்க வந்தவர்.

வீடு பிரிந்துவிட்டது, கார் பிரிந்துவிட்டது.
பையனின் வாரங்களைக்கூட
நாட்காட்டியில் இரண்டு நிறத்தில் பிரித்தாயிற்று.
மிச்சம் இந்தப் பதினான்கு அடி ஃபைபரும்
பதினைந்து குதிரை மோட்டாரும்.
விற்றால் ஆளுக்குப் பாதி.

ஜெயசீலன் கயிற்றை இழுத்தார்.
ஏழு. எட்டு. பதினொன்று.
இழுக்கும்போது கீழுதட்டைக் கடிப்பார்.
இனி எனக்குத் தெரிந்திருக்க வேண்டாத
விஷயங்களில் அதுவும் ஒன்று.
"கியர்ல நிக்குதா பாருங்க."
நியூட்ரல்தான்.
"சிவப்பு வார்?"
மாட்டித்தான் இருக்கிறது.
"ப்ளக் போயிருச்சு" என்றார்,
கழற்றிப் பார்க்கும் முன்பே தீர்ப்புச் சொல்லும்
அந்தப் பழைய குரலில்.

பாயான் லெப்பாஸில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு எனக்கு.
சர்க்யூட் பலகையில் எந்தக் கால் செத்திருக்கிறது என்று
தேடுவதற்குத்தான் சம்பளம்.
ப்ளக்கைத் திருகி எடுத்தேன்,
இரும்பில் ஒட்டிப் பிடித்து, இழுக்கச் சொன்னேன்.
நீலமாய்த் தெறித்தது.
முனை, வெயிலில் காய்ந்த சட்டைப் பொத்தான்.
ஈரமே இல்லை.
"பொறி இருக்கு. எண்ணெய்தான் வரல."
அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.
மோட்டாரைத்தான் சொன்னேன்.

நீரோட்டம் எங்களை இரண்டாம் பாலத்தின் பக்கம்
தள்ளிக்கொண்டிருந்தது. தூண்கள்
பார்க்கப் பார்க்கப் பருத்தன. மேலே லாரிகள்.
சிக்கு மெதுவாகக் கேட்டார்: நங்கூரம் உண்டா?
உண்டு.
இரண்டு பேருமே மறந்திருந்தோம்.

மெக்கானிக் ஆ கியாட்டுக்குப் போன் போட்டேன்.
ஞாயிற்றுக்கிழமை, வாய் நிறைய கொய்த்தியாவ்.
"அங்கின் மாச்சாம் மானா?"
காற்றா? காற்றே இல்லை,
கடல் தாம்பாளம் மாதிரி கிடக்கிறது என்றேன்.
சிரித்ததில் அவருக்குப் புரையேறியது.
கடலுக்கில்லை தங்காச்சி,
டாங்கிக்கு.

அப்போதுதான் பார்த்தேன்
குழாய் நடுவில் இருக்கும் ரப்பர் குமிழை.
பல்செட்டைக் கழற்றி வைத்தவர் கன்னம்போல
உள்ளொடுங்கி,
அமுக்கினால் அமுங்கியபடியே.

கடைசியாக டாங்கியைக் காரில் ஏற்றியது நான்.
பின்சீட்டில் பையன். பெட்ரோல் வாடை
அவன் மூச்சுக்கு ஆகாது என்று
மூடிமேல் இருக்கும் அந்தச் சுண்டுவிரல் திருகை
மணிக்கட்டு வலிக்கும்வரை இறுக்கியிருக்கிறேன்.
ஒரு மடக்கு வெளியே போக
ஒரு மடக்குக் காற்று உள்ளே வந்தாக வேண்டும்.
பாவம் மோட்டார்,
பத்து நிமிடம் உறிஞ்சிப் பார்த்திருக்கிறது.

தளர்த்தினேன்.
உஸ்ஸ்ஸ். நீண்ட நேரம்.
குமிழ் தானாகவே உருண்டு வந்தது.
அமுக்கினேன்: மெத்து, மெத்து, பிறகு கல்.
யார் மூடியது என்று கேட்பார்,
பதிலைக் கூராக்கி வைத்திருந்தேன்.
கேட்கவில்லை.
ப்ளக்கை என் கையிலிருந்து வாங்கி
சட்டை நுனியில் துடைத்துப் பூட்டினார்.
நல்ல சட்டை அது. நான் எடுத்துக் கொடுத்ததில்லை.

இரண்டாம் இழுப்பில் பிடித்துக்கொண்டது.
நீலப் புகை, பக்கத்துத் துளையில்
குழந்தை ஒன்றுக்குப் போவதுபோல் தண்ணீர்த் தாரை.
நங்கூரம் இன்னும் கீழேதான்.
சிக்கு ரொஸ்லான் காலணியை மடியிலிருந்து இறக்கினார்,
எங்கள் பக்கம் குனிந்து
ஏதோ ஒரு தொகை சொன்னார்.
சத்தத்தில் கேட்கவில்லை என்று
இரண்டு பேரும் காதைத் தொட்டுக் காட்டினோம்.

எனக்கு நன்றாகவே கேட்டது.