மூன்று வீதம்

பம்பலப்பிட்டியில் புடவைக் கடைக்கு மேலே
மூன்றாம் மாடியில் என் மேசை.
கீழே பட்டு அளக்கிறார்கள்,
மேலே நான் பிள்ளைகளை.

படிவம் ஒன்றுக்கு ஐயாயிரம் ரூபா.
அதில் மூன்று கட்டங்கள்:
எட்டாதது, எட்டலாம், கைக்குள்.
பல்கலைக்கழகத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வீதம்.
வீதம் எழுதாமல் படிவம் வெளியே போகக்கூடாது,
இது முதலாளியின் முதல் சட்டம்.
இரண்டாவது, பூச்சியம் எழுதக்கூடாது.

சனிக்கிழமை பதினொன்றரைக்கு
கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தாள் மெரிஷா மிராண்டா.
கூடவே தகப்பன்,
நாலாம் குறுக்குத் தெரு மொத்தக் கடையில் கணக்கர்.
சட்டையில் வெங்காய வாசம்,
கையில் பிளாஸ்டிக் உறை போட்ட பைல்,
மொன்டிசோரிச் சான்றிதழிலிருந்து எல்லாம் அதில்.

சாதாரண தரத்தில் ஒன்பது ஏ.
உயர்தரம் கணிதப் பிரிவு, மூன்று தவணை அறிக்கைகள்.
கணித ஒலிம்பியாட்டில் வெண்கலம்.
நெட்போல் அணியில் பதில் ஆட்டக்காரி.
'பதில்' என்பதை அவள்தான் சேர்த்தாள்,
தகப்பன் சொல்லாமல் விட்டிருந்தார்.

மொரட்டுவை பற்றிக் கேட்டார்.
நாங்கள் வெளிநாடு மட்டும்தான் என்றேன்.
"அதுக்கு வெட்டுப்புள்ளி இருக்கு டாடி,
கொழும்புக்கு எவ்வளவு ஏறும் என்டு எனக்குத் தெரியும்.
இதுதான் தெரியாது" என்றாள்.

தட்டினேன்.
முழுச் செலவையும் தாங்களே ஏற்கும் இடங்கள்:
மூன்று வீதம். மூன்று. இன்னொன்றும் மூன்று.
ஓரிடத்தில் மட்டும் நான்கு,
அங்கே குளிர் அதிகம் என்பதாலோ என்னவோ.

தகப்பன் கதிரையை முன்னே இழுத்தார்.
"மிஸ், சாக்கு வாயில எப்பவும் நல்ல வெங்காயம்தான் இருக்கும்.
நான் முழங்கை வரைக்கும் கையை விட்டுப் பார்த்துத்தான்
விலை சொல்லுவன்.
நீங்க எங்க கையை விட்டீங்க?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
திரையைத் திருப்பிக் காட்டினேன்:
ஆறு வருடம், எங்கள் மூலம் விண்ணப்பித்தோர்
நூற்று நாற்பத்தொரு பேர்,
இடம் கிடைத்தது நால்வருக்கு.

பேனை மூடியைக் கடித்தபடி பார்த்தாள்.
"இதில காசு கட்டக்கூடியவங்க எத்தனை பேர்?"
அதற்குப் பத்தி இல்லை.
"இங்க வந்து, மூணு வீதம் என்டு கேட்டு,
விண்ணப்பிக்காமலே போனவங்க?"
அதற்கும் இல்லை.
"அப்ப இது என்ட வாய்ப்பு இல்ல மிஸ்.
இந்தக் கந்தோரோட வாய்ப்பு."

கடற்கரைப் பக்கம் ரயில் போனது.
கண்ணாடித் தடுப்பு நடுங்கி ஓயும் வரை
மூவரும் பேசவில்லை.

எனக்கும் ஒரு தசமம் உண்டு.
பூச்சியம் தசம் பூச்சியம் பூச்சியம் நான்கு ஒன்று.
அவ்வளவுதான் குறைந்தது, ஒரு வருடம், ஒரு பீடத்துக்கு.
அதன் பிறகு நான் எங்கேயும் விண்ணப்பிக்கவில்லை,
ஆகவே எந்த அட்டவணையிலும் இல்லை.
இதை அவளிடம் சொல்லவில்லை.
சொன்னால் அது ஆலோசனை,
ஆலோசனைக்குக் கட்டணம் வேறு.

கண்ணாடிக்கு அப்பால் முதலாளி மணிக்கூட்டைப் பார்த்தார்.
மூன்று என்று எழுதினேன்.
பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு
இறப்பரால் அழித்தேன். தடம் தெரிந்தது, விட்டுவிட்டேன்.

தகப்பன் தாள்களை இரண்டு தரம் எண்ணினார்.
ஒன்று ஓரம் கிழிந்தது, வாங்கிக்கொண்டேன்.
படிவம் பைலுக்குள் போகவில்லை.
அவள் அதைக் கவிழ்த்து, பின்பக்க வெள்ளையில்
ஏதோ வகுத்துக்கொண்டே படியிறங்கினாள்.

"மூணு வீதம் என்டா
முப்பத்து மூணு பேருக்கு ஒராள், டாடி.
எங்கட வகுப்பில முப்பத்து நாலு பேர்."
"சரி, அந்த ஒராள் ஆர்?"

அவள் ஏதோ சொன்னாள்.
காலி வீதியில் ஒரு பஸ்
ஹோர்னிலிருந்து கையெடுக்காமல் போய்க்கொண்டிருந்தது.