மேயர் குனிவதில்லை

லாஹ்தியில், ஏரிக்கு எதிரே
தகரக் கூரை போட்ட கட்டடத்தில்
பதினோரு ஆண்டுகளாக
நாற்காலிகளைக் கவிழ்ப்பது என் பிழைப்பு.

எங்களிடம் ஒரு பொம்மை உண்டு.
முகம் கிடையாது. ஒன்பது கிலோ.
எஸ்கோ அதற்கு மேயர் என்று பெயர் வைத்தான்.
காலை எட்டரைக்கு மேயரைத் தூக்கி உட்கார்த்துவோம்,
வார் பூட்டுவோம்,
பக்கவாட்டில் இழுப்போம், பின்னால் தள்ளுவோம்.
விழுந்தால் கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி.
வியாழக்கிழமையென்றால் மதியம் பட்டாணி சூப்.

விரல் நுழைந்து வெளிவர மறுக்கும் துவாரங்களை
இருட்டிலும் தடவிச் சொல்லிவிடுவேன்.

தைமிக்கு ஆறு மாதம் முடிந்த வாரம்
மடியில் சாயாமல் நிமிர்ந்தாள்.
என் ரொட்டி வாய்க்குப் போகும் வழியெல்லாம்
அவள் கண்ணும் கூடவே போயிற்று.
"நாற்காலி வேண்டும், நீதானே நிபுணன்"
என்றாள் ரீக்கா.

நிபுணனுக்கு மூன்று வாரம் போதவில்லை.
ஒன்றுக்குக் கால்கள் நெருக்கம்,
தண்ணீர் குடிக்கப்போகும் ஒட்டகச்சிவிங்கி மாதிரி.
ஒன்றில் வயிற்றுக்கும் தட்டுக்கும் இடையில்
ஒரு குழந்தை நழுவி இறங்கப் போதுமான இடைவெளி.
மடக்குவது கத்தரிக்கோல்.
சக்கரம் வைத்ததை நான் தொடவே இல்லை,
எங்கள் சமையலறையில் தரையில் போட்ட பட்டாணி
தானாகவே வாசலுக்குப் போய்விடும்.
பட்டுமெத்தை தைத்ததில்
தையலுக்குள் கஞ்சி ஒளிந்து புளிக்கும்.
எல்லாவற்றிலும் விலை கூடியதற்குப் பாதம் வைக்கப் பலகை இல்லை.
"காலைத் தொங்கவிட்டுக்கொண்டு நீ சாப்பிட்டுப் பார்"
என்று கடைப் பையனை உயர முக்காலியில் ஏற்றினேன்.
பாவம், ஏறினான்.

அதுவரை தைமி மடியிலேயே சாப்பிட்டாள்.
என் சட்டையும் சாப்பிட்டது.

நாலாவது வாரம் ரீக்கா
பழைய சாமான் கடையிலிருந்து ஒன்றைத் தூக்கி வந்தாள்.
நீலம். ஏழு யூரோ.
நீலத்துக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் வேறு ஏதோ.
தட்டின் விளிம்பில் யாருடையதோ பல் தடம்.
அழகாகத்தான் இருந்தது.

கம்புமாவு மூட்டைகளை அதில் உட்கார்த்தி
என் பெல்ட்டால் கட்டி
லேசாகத்தான் இழுத்தேன்.
மே மாதத்தில் சமையலறை முழுக்கப் பனி.

"யாரோ இதில் வளர்ந்திருக்கிறார்கள்"
என்றாள், பல் தடத்தைத் தடவியபடி.
"வளராமல் போனவர்களும் கடித்திருப்பார்கள்" என்றேன்.

சொல்லியிருக்க வேண்டாம்.
அவள் துடைப்பம் எடுத்தாள்.
இரண்டு நாள் காபியில் மாவு வாசம்.

ராத்திரி நீல நாற்காலியின் திருகாணிகளைக் கழற்றினேன்,
குப்பைமேட்டிலிருந்து வேறொருவர்
தூக்கிப் போய்விடக் கூடாதே.
தட்டை மட்டும் காலையில் காணவில்லை.
ரீக்காவின் அலமாரியில் இருக்கிறது,
எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது.

கடைசியில் பிர்ச் மரத்தில் ஒரு சாதாரணம்.
அகன்ற கால். தொடைகளுக்கு நடுவே ஒரு வார்.
அவள் வளர வளர இறக்கிப் பூட்ட ஒரு காற்பலகை.
சாப்பாட்டு மேசையை அவள் உதைத்துத் தள்ள முடியாதபடி
ஒரு முழம் தள்ளிப் போட்டேன்.
மேயர் நாற்பது தடவை அதில் தோற்காமல் உட்கார்ந்திருக்கிறார்.

முதல் சாப்பாடு, மசித்த கேரட்.
தைமி கரண்டியைப் பார்த்தாள்.
கரண்டியைக் கீழே விட்டாள்.

எங்கள் கட்டடத்தில் கரண்டி இல்லை.
மேயர் எதையும் தவறவிட்டதில்லை,
விட்டது எங்கே போயிற்று என்று
குனிந்து பார்த்ததும் இல்லை.
தைமி குனிந்தாள்,
கிணற்றில் எட்டிப் பார்ப்பவள் போல, இடுப்பிலிருந்து,
முழு மனசோடு.

வார் இறுகிற்று.
நான்கு காலும் தரையில் இருந்தன.
நான்தான் இருக்கையில் இல்லை,
இரண்டு கையையும் நீட்டியபடி பாதி எழுந்திருந்தேன்.

"உட்கார்" என்றாள் ரீக்கா.
கரண்டியை எடுத்துக் கொடுத்தேன்.
மறுபடி விட்டாள்.
ரீக்கா கடை ரசீதைத் திருப்பி
கட்டம் போட்டு
ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருக்கல் குறி இட்டாள்.

பதினேழு வரை எண்ணினோம்.
அதற்குள் கேரட் தீர்ந்துவிட்டது.