கடைமடை

கரன்ட் போனபிறகுதான் கேட்கும்.
தலைஞாயிறு வரப்பில்
செம்புக்கம்பிச் சுருள், பழைய ஹெட்போன், நான்.

டிக். டிக்டிக்.
நடுக்கடலில் மின்னல் நெல் பொரிகிறது.

தெற்கே தூரக்கடலில் விழுந்த மின்னல் ஒன்று
காந்தக்கோட்டைப் பிடித்து ஏறி
ஆகாயத்துக்கும் அப்பால் வளைந்து
வடக்குப் பனியில் இறங்குமாம்,
கீச்சுக்குரல் முந்த
கட்டைக்குரல் பிந்த,
ஒரே நீள விசிலாக.

இங்கே இறங்காது.
இங்கே காந்தஊசி
பரம்படித்த வயல்போல மட்டமாய்ப் படுத்திருக்கிறது.
தலைக்குமேல் எங்கோ போகிறது
எங்கள் பங்கு.

"வந்துச்சா?"
போனில் ஃபாத்துமுத்து.
"வரல."
போன வாரம் முறைத்தண்ணிக்கும்
இதே கேள்வி, இதே பதில்தான்.

இன்னும் கொஞ்சம் இருந்து பார்க்கலாமென்று
மண்ணெண்ணெய் விளக்கை அணைத்தேன்.

டிரான்ஸ்பார்மர் 'ம்ம்ம்' என்றது.
காதில் மட்டும்
வெள்ளம்.