மெயின் ஜெட்

களுவாஞ்சிகுடிச் செட்டில் பெற்றோல் இல்லை.
இல்லை என்ற சொல்லுக்கே
ஆஸ்பத்திரி மதில் தாண்டி நின்றது வரிசை.
மூன்றாம் இரவு, சிடி நூறின் டாங்கில் கன்னம் வைத்து
போனில் வாசித்துக் கிடந்தேன்:

எந்திரம் பிறந்தபோது
பெற்றோல் கேட்டு அழவில்லையாம்.
விளக்கெரித்த சாராயத்தை ஊற்றினார்கள், ஓடியதாம்.
மறுகா சாராயத்துக்கு வரி வந்தது,
நிலத்தடி எண்ணெய் மலிந்தது, ஆட்டம் மாறியது.
பிரேசிலில் இன்றைக்கும் கரும்பு கார் ஓட்டுகிறது.
இஞ்ச ஹிங்குராணைப் பக்கம் வடிக்கிறதெல்லாம்
முத்திரைப் பீப்பாயில் ஏறிப் போத்தலுக்குப் போகும்.
அதிலும் ஓடத்தான் செய்கிறார்கள்,
நேராக ஓடுவதில்லை.

விடிய, யசோமதி மிஸ் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு
என் கராஜுக்கு வந்தா. மருத்துவமாது.
குருமண்வெளித் துறை கடந்தால் மண்டூர்,
அப்பால் வெல்லாவெளி,
பதினொரு வீட்டில் நிறைமாதம்.
"என்னத்தையாவது ஊத்துங்க," என்றா.

என்னத்தையாவது.

சீனித்தம்பியை எல்லாருக்கும் தெரியும், பொலிசுக்கும்.
கண்டல் பற்றைக்குள் அவன் காய்ச்சும் கசிப்பு
பாதி தண்ணி. தீக்குச்சி காட்டினால்
வெட்கப்பட்டு அணையும்.
"திருப்பி வடி," என்றேன். "இன்னும் ஒருக்கா."
என்னை ஏற இறங்கப் பார்த்தான்.
இருபது வருஷத் தொழிலில் ஒருவரும்
இவ்வளவு வெறிக்குக் கேட்டதில்லையாம்.

எத்தனை தரம் வடித்தாலும்
கடைசித் தண்ணி போகாது, கட்டிப்பிடித்துக்கொள்ளும்.
சிப்பி சுட்ட நீற்றாத சுண்ணாம்பில் அதைப் பிரித்தோம்.
தகர மூடியில் கொஞ்சம் ஊற்றிப் பற்றவைத்தேன்.
ஒன்றும் தெரியவில்லை.
வெயிலில் அந்த நெருப்புக்கு நிறமில்லை.
புறங்கை மயிர் பொசுங்கிய மணம்தான்
எரிகிறது என்று சொன்னது.

கார்பரேட்டரைக் கழற்றினேன்.
பெற்றோலைவிட இது மெலிந்த சாப்பாடு;
ஒரு லீற்றர் ஓட்டத்துக்கு ஒன்றரை கேட்கும்.
மெயின் ஜெட்டின் துளை எறும்பின் கண்.
கிட்டார்க் கம்பியால் உரசி உரசி அகட்டினேன்.
கூடினால் பிளக் நனையும், குறைந்தால் வால்வு வேகும்.
பதினேழாம் உதையில் பிடித்தது.

கலியாண வீட்டுப் பின்வளவு மணம் எக்ஸோஸ்டில்.
மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறினா மிஸ்.
"தாய்மார் என்ன நினைக்கும்?"
துறையடியில் பொலிஸ் மறித்து
"ஊதுங்க" என்றார்களாம்.
"என்னையா? வண்டியை ஊதச் சொல்லுங்க!"

பதினாறு நாள் ஓடியது. ஒன்பது பிள்ளை.
ஒரு பிள்ளை, ஸ்கூட்டி பாதையில் நிற்கும்போதே
பிறந்துவிட்டதென்று கோபம் அவவுக்கு.

பிறகு கியூஆர் வந்தது, பின்னால் பெற்றோலும்.
ஜெட்டை மாற்றத் திறந்தேன்.
மிதவைக் கிண்ணம் முழுக்க வெள்ளை உப்பு பூத்திருந்தது,
ரப்பர் வளையம் அவித்த நெல்லாய் ஊதியிருந்தது.
கணக்கும் பார்த்தேன்: விறகு, சுண்ணாம்பு,
அந்த நாளில் சீனி விற்ற விலை!
கறுப்புச் சந்தைப் பெற்றோலுக்கும் எனக்கும்
நூறு ரூபாதான் வித்தியாசம்.
"கரும்பு குடிக்கிற தண்ணியையும் அதில் எழுதும்,"
என்றார் டயர் ஒட்ட வந்த
சம்மாந்துறை வயற்காரர் முஸ்தாக்கீன்.
எந்த நிரலில் எழுதுவதென்று தெரியவில்லை.

ஒரு போத்தல் மிச்சம். மூடி தளர்வு.
ராக்கையில், வாவிக் காற்று வருகிற பக்கம்.
ஒருவரும் குடிக்காவிட்டால் அது தானே குடிக்கும்,
காற்றிலிருந்து தண்ணியை.
நேற்றுக் குச்சி காட்டிப் பார்த்தேன்.
வெட்கம் திரும்பி வந்திருந்தது.

அகட்டின ஜெட்டை மிஸ் கேட்டு வாங்கினா.
"இனி உதவாது," என்றேன்.
கேட்காத மாதிரி
கைப்பைக்குள் போட்டா, தொப்புள்கொடி கட்டுகிற
நூலுக்குப் பக்கத்தில்.