நோட்டின் கடைசிப் பக்கம்

அஞ்செட்டி பஸ் நிலையத்துக்கு எதிரில் என் கடை.
ஒரு ஷட்டர், ஒரு மேஜை, கைரேகை வைக்கும் கருவி.
ரீசார்ஜ், பட்டா நகல், பயிர்க் காப்பீடு,
உடைந்த கண்ணாடியும் மாற்றித் தரப்படும்.
நீளவாட்டில் ஒரு கணக்கு நோட்டு உண்டு.
அதன் கடைசிப் பக்கத்தில் இருப்பது கடன்பாக்கி இல்லை,
ஊர்க்காரர்களின் ரகசிய எண்கள்.

ருத்ரப்பன்: ஒன்று இரண்டு மூன்று நான்கு.
கோழிக்கடை பாஷா: வண்டி நம்பர்.
வெங்கடலட்சுமி: மகன் பிறந்த வருஷம்.
ருத்ரப்பன் பெண்டாட்டி மாதம்மா
"நீயே ஏதாச்சும் வெச்சுக்கோ, எனக்கெதுக்கு" என்றாள்.
வைத்தேன்.
இப்படி நூற்று நாற்பத்து மூன்று பேர்.
ஒருவரிடமும் நான் கேட்டதில்லை.

இனி ஓட்டும் போனிலேயே போடலாமாம்,
பேப்பரைப் பார்த்துச் சொன்னார் டீ மாஸ்டர்.
வருமோ வராதோ,
கேட்டதும் எனக்குச் சந்தோஷம்தான்.

என் தங்கை சைலஜாவுக்கு
பொம்மசந்திராவில் தையல் கம்பெனி வேலை.
போன தேர்தலுக்கு நைட் ஷிப்ட் முடித்துப் புறப்பட்டவள்
அத்திப்பள்ளியில் ஒரு பஸ், ஓசூரில் ஒரு பஸ் மாறி
தேன்கனிக்கோட்டையில் மாட்டிக்கொண்டாள்.
காலித் தக்காளிக் கூடைகளோடு லாரியில் வந்து
மை வைத்துக்கொண்டு அன்றே திரும்பினாள்.
இரண்டு நாள் சம்பளம் போச்சு.
"இந்த விரலைக் காட்டினா காசு வருமா?"
சூப்பர்வைசர் கேட்டானாம்.
அவளுக்கு அது ஒரு தொடுதலில் முடிந்தால்
யாருக்கு என்ன நஷ்டம்?

மேல்தொட்டி மலைக்குக் கழுதை முதுகில் ஏறும் இயந்திரம்
இனி ஏற வேண்டாம்.
ஆனால் அங்கே டவர் கிடையாது.
ஒரு ஓடிபிக்கு ஆனைப்பாறை மேல் ஏறி
கையைத் தூக்கி நிற்கிறார்கள்,
சாமி வந்தவர்கள் மாதிரி.

மேஸ்திரி சென்னப்பா பீடியை அணைத்தார்.
"என் ஆளுங்க நாப்பது பேரோட போனும்
ராத்திரி ஒரே பலகைலதான் சார்ஜ் ஏறுது தம்பி.
வேலை சுலபம்."
வேடிக்கைக்குத்தான் சொன்னார்.
நானும் சிரித்தேன்.

அன்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
நோட்டைப் பிரித்தேன்.
எங்கள் வார்டு மெம்பர் ஜெயித்தது
பதினோரு ஓட்டில்.
நூற்று நாற்பத்து மூன்றில் பதினொன்று போக
நூற்று முப்பத்திரண்டு.
எதற்காகக் கழித்தேன் என்று
தெரிந்தபோது வயிற்றைப் பிசைந்தது.

திங்கட்கிழமை மாதம்மா வந்தாள்.
"போன்ல ஓட்டுன்னா அந்த அட்டை இருக்குமா?"
"எந்த அட்டை?"
"மூணு பக்கமும் மறைச்சு நிக்குமே, அது.
உள்ள போயிட்டா அவரும் வர முடியாது,
மேஸ்திரியும் எட்டிப் பாக்க முடியாது.
வீட்டுல குளிக்கிற எடத்துக்கே கதவு கெடையாது எனக்கு."
ஆப்பில் ஏதாவது வைத்திருப்பார்கள் என்றேன்.
என்ன வைப்பார்கள் என்று எனக்கே தெரியவில்லை.

மாதப்பணம் வரும் கணக்கின் எண்ணை
மாற்றித் தரச் சொன்னாள்.
மேஜைமேல் கிடந்த காலி சார்ஜர் டப்பாவைப் பிரித்து
போனைச் சுற்றி நிற்கவைத்தாள்.
நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.
பின்னால் மூன்று பேர் காத்திருந்தார்கள்,
ஒருவன் கோவிந்தா என்று முனகினான்.
நான்கு எண்ணுக்கு ஐந்து நிமிஷம்.
"நோட்டுலயும் அடிச்சிடு."
அடித்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் ருத்ரப்பன்.
கையில் அவள் போன்.
"நம்பர் என்ன?"
"தெரியாது."
இந்த மேஜையில் உட்கார்ந்து
நான் அதைச் சொன்னது அதுவே முதல் தடவை.
நோட்டைப் பிடுங்கி ட்யூப்லைட்டுக்கு எதிரில் பிடித்தான்.
அடித்த கோட்டுக்கு அடியில் பழைய எண்
நன்றாகவே தெரிந்தது.
போட்டான். தப்பு.
தன்னுடையதைப் போட்டான். தப்பு.
"இன்னொரு தடவைதான்" என்றேன்,
"அப்புறம் பூட்டிக்கும்."
அவன் கட்டைவிரல் கண்ணாடிக்கு மேலே நின்றது.
நத்தாறம்பாளையம் பஸ் ஹாரன் அடித்தது,
ஏறப் போகவில்லை அவன்.