நுரை பார்த்தல்

போர் தண்ணீரில் ஷாம்பு நுரைக்காது.
அதனால் விடிந்ததும் முதல் வேலை
ஆற்றுக் குழாயில் ஒரு பாட்டில் பிடித்து
வண்டியின் பின்சக்கரத்தடியில் வைப்பது.
மூன்று ரூபாய் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து ஊற்றி
சவரப் பிரஷ்ஷால் கலக்குவது.

ஜெபக்கனியின் கேரவன்.
முன்பு கல்லூரி பஸ்,
இப்போது நாலு படுக்கை, ஓர் அடுப்பு,
திரைச்சீலை நிறைய அன்னாசிப் பழங்கள்.
குற்றாலத்தில் சாரல் இறங்கிவிட்டதாம்.
தூத்துக்குடிக் குடும்பம் ஒன்று
நாளைக்கே வண்டி கேட்டு முன்பணம் போட்டிருக்கிறது.

நீலச் சிலிண்டரின் கழுத்துத் தகட்டு உட்பக்கம்
ஓர் எழுத்து, இரண்டு எண்.
ஆயுசு இருக்கிறது.
அடிவளையத்தை நகத்தால் சுரண்டினேன்:
பெயிண்ட்தான் உதிர்ந்தது, இரும்பு இல்லை.
சங்கிலி இறுக்கம்.
பெட்டியின் அடியில் துளை உண்டு,
பழைய செருப்பை வெட்டி யாரோ அதை அடைத்திருந்தார்கள்.

"தூசி வருது பாய்."

வரட்டும்.
இது காற்றைவிடக் கனம்,
பறக்கத் தெரியாது.
தரையோடு தரையாய் ஊர்ந்து
படுத்திருப்பவர் தலைமாட்டைத் தேடிப் போகும்.
செருப்பைப் பிடுங்கி ரோட்டுக்கு எறிந்தேன்.

"எனக்கு ஒரு வாடையும் அடிக்கல.
ஒங்களுக்கு அடிக்கா?"

குனிந்து, முகர்வதுபோல் முகர்ந்தேன்.
அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு நாலு வருடமாய்
எனக்குச் சாக்கடையும் பிச்சிப்பூவும் ஒன்று.
வீட்டில் கத்திரிக்காய் குழம்பு வெறும் சூடு.
மேலப்பாளையத்தில் ஒருவரிடமும் சொன்னதில்லை.
மூக்கில்லாத கேஸ்காரனிடம்
யார் வண்டி விடுவார்?

"அடிக்கல," என்றேன். அது பொய்யுமில்லை.

ரெகுலேட்டரைத் திறந்து பிரஷ் வைத்தேன்.
வால்வில் நுரை சும்மா இருந்தது.
ரெகுலேட்டருக்கு ஒரு மூக்கு உண்டு,
அதிலும் சும்மா.
ஆரஞ்சு ட்யூப் அடுப்புக்குள் நுழையும் இடத்தில், கிளாம்புக்குக் கீழே
ஒரு கடுகு.
கடுகு மிளகாயிற்று.
மிளகு சுண்டைக்காயாகி உடைந்தது.
அதே இடத்தில் மறுபடி கடுகு.

ஜெபக்கனி சேலையைச் சுருட்டிக்கொண்டு குத்தவைத்தாள்.
ரொம்ப நேரம் பார்த்தாள்.
"மூச்சு விடுதே," என்றாள்.

மூடினேன். அறுத்தேன்.
ட்யூபில் அச்சடித்த வருஷம் விரல் பட்டுப் பட்டு அழிந்திருந்தது.
புதுசுக்கு நூற்றித் தொண்ணூறு,
அவள் நூற்றைம்பதில் நின்றாள்,
நூற்றெழுபதுக்கு முடிந்தது.
இரண்டாம் முறை பூசியதில்
நுரை சோம்பலாய் வழிந்து கீழே சொட்டியது.

சாவியை எடுத்தவள் ஏறவில்லை.

"போன வாரம் கருவாட்டு லாரி பக்கத்துல நின்னு
முகம் சுளிக்காம டீ குடிச்சிய.
எதிர்க்கடையில நாங்க எல்லாரும் பொத்திக்கிட்டு இருந்தோம்."

நான் பிரஷ்ஷை உதறினேன்.

"அந்த நுரைய
இன்னொரு தடவ போடுங்க பாய்.
நானும் பாக்கேன்."